காரணம்: நெரிசல்

பெட்டி ஒன்றும் பெரியதில்லை. டிபன் கேரியரைப் படுக்க வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். சாம்பல் நிறத் தகரம், மேலே விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா, பக்கவாட்டில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. எண்ணூர்ப் பக்கம் போகும் பேருந்து ஒன்றில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், முதலுதவிப் பெட்டிக்குக் கீழே, நான்கு போல்ட் போட்டு அதை முறுக்கி வைத்திருந்தார்கள். அதை முதல்நாள் பார்த்ததும் அந்த வண்டியின் கண்டக்டர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா டீச்சர் இது, பாம் கீம் வெச்சிட்டுப் போயிட்டாங்களா? நான் வேற இன்னும் பர்மனென்ட் ஆவல." வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பா வருகிறது? வயிறுதான் எரிகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. செல்போன் வந்துவிட்டது, ஆனால் அதில் பேசத்தான் முடியும், அதுவும் காசைப் பார்த்துப் பார்த்து. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரமாக இருக்கும், நான் வேலை பார்த்த குப்பத்தில் தொலைபேசிக் கம்பி என்பது பேருக்குத்தான். உப்புக் காற்று அதைத் தின்னும்; மிச்சம் இருப்பதை, திரும்புகிற கண்டெய்னர் லாரி கம்பத்தோடு சாய்த்துவிட்டுப் போகும். புகார் எழுதிப் போட்டால் ஆள் வர மாதம் ஆகும். அந்த நேரத்தில்தான் நகரத்தின் தென்கோடியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து சேர்ந்தார். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, கம்பி இல்லாமலே உங்கள் கடிதம் உலகத்துக்குப் போகும் என்றார்.

அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானதுதான். மண்டபத்தை ஒட்டிய சிறிய அறையில் ஒரு கணினி. அதில் தட்டச்சு செய்த மின்னஞ்சல்கள் அங்கேயே காத்திருக்கும். பெட்டி வைத்த பேருந்து ரோட்டில் கடந்து போகும்போது, கணினியும் பெட்டியும் காற்றிலேயே பேசிக்கொண்டு கடிதங்களை ஏற்றிவிடும். திருவொற்றியூரில் வண்டி போய் நிற்கும் இடத்தில் நல்ல இணைப்போடு இன்னொரு கணினி. அது பெட்டியிலிருந்து கடிதங்களை இறக்கி இணையத்தில் அனுப்பும். பதில்களும் அப்படியே வண்டி ஏறி எங்களிடம் வரும். தினமும் ஓடுகிற பேருந்துதான், கூடுதல் செலவு கிடையாது. "அவசரமில்லாத செய்திக்கு எதற்கு அவசரமான கம்பி?" என்று கேட்டார் பேராசிரியர். தாமதம் தாங்கும் வலை என்று அதற்குப் பெயரும் சொன்னார். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்த நானும் கை தட்டினேன். தாங்கப்போவது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் லாரிக்கு, ரயிலுக்கு, ரேஷனுக்கு, எல்லாவற்றுக்கும் காத்திருந்து பழகிய ஜனங்களைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார் என்பதும் உறைக்கவில்லை. அவருடைய கல்லூரி இருந்த பக்கத்தில் தெருவுக்குத் தெரு கேபிள் போட்டாயிற்று. அங்கே போய் இந்தப் பெட்டியைக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த அறைக்கு என்னைத்தான் வேலைக்கு வைத்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. ராயபுரத்துப் பெண், அப்பா துறைமுகத்தில் வேலை, கணினியில் ஒரு டிப்ளமோ. ஒருவருக்கும் நான் பாடம் சொல்லித் தரவில்லை. ஆனாலும் குப்பமே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. கப்பலில் வேலை செய்யும் மகனுக்கு, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு என்று பெண்கள் வந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். சொல்லும்போதே அழுவார்கள், அழும்போதே பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுவார்கள். "இதையும் போடவா அக்கா?" என்றால், "போடு, அந்தாளுக்கும் தெரியட்டும்" என்பார்கள்.

பெட்டி சரியாக வேலை செய்யவில்லை. பேராசிரியரின் கணக்கு வண்டியின் வேகத்தில் அடிபட்டுப் போயிற்று. பேருந்து நிறுத்தம் எங்கள் அறைக்கு எதிரே இல்லை. தள்ளி, ஒரு கம்பெனிச் சுவரின் மறைவில் இருந்தது. அறையை வண்டி கடந்து போகிற நேரத்தில் பெட்டியும் கணினியும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே பாதி ஓடிவிடும். மீதியில் நாலு வரிக் கடிதம் ஏறினால் பெரிது. பெரிய கடிதமாக இருந்தால் பாதியில் அறுந்துபோகும். அடுத்த நடையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருநாள் எரிச்சலில் நான் வாசலுக்கு ஓடிவந்து, போகிற வண்டியைப் பார்த்துக் கத்தினேன். "ஐயோ, பாதிதான் ஏறுச்சு!"

கண்டக்டர் அண்ணன் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். பின்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்தப் பாதி டீச்சர்? ஆளு கீழ வுழுந்துட்டாங்களா?"

இல்லை, கடிதம் என்றேன். விளக்கினேன். பேச்சு முடிவதற்குள் உள்ளே கணினி டிங் என்று ஒலித்தது, மிச்சமும் ஏறிவிட்டது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அவருக்கே கடிதம் வந்த மாதிரி. "அட, நின்னா ஏறுது! இதைச் சொல்றதுக்கு இன்னா?" என்றார். மறுநாளிலிருந்து தினமும் நின்றார்.

அவருக்கு அப்போது முப்பது இருக்காது. காதில் பேனா, தோளில் தோல்பை, குரல் மட்டும் வண்டியின் இரண்டு மடங்கு. தற்காலிக வேலை. இருநூற்று நாற்பது நாள் கறுப்புப் புள்ளி இல்லாமல் முடித்தால் நிரந்தரம். அந்த எண்ணிக்கை ஒன்றுதான் அவருக்கு உயிர். காலையில் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லமாட்டார்; "நூத்திப் பத்து டீச்சர்" என்பார். மறுநாள் "நூத்திப் பதினொண்ணு". பர்மனென்ட் ஆனதும் கல்யாணம் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது வண்டியில் ஏறும் எல்லாருக்கும் தெரியும்.

காரணமில்லாமல் வண்டியை நிறுத்தக் கூடாதே, அதற்கு அவர் கண்டுபிடித்த காரணங்களை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார். "உள்ள ஏறு நைனா, நீ ஏறினாத்தான் வண்டி நவுரும்" என்று படியில் தொங்குகிறவர்களோடு மல்லுக்கு நிற்பார். யாருமே வராத சந்துப் பக்கம் பார்த்து, "மெதுவா வா ஆயா, அவசரம் இல்ல" என்பார். கடிதமெல்லாம் ஏறியதும் நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவேன். அவர் விசில் கொடுப்பார். வண்டி போகும். சில பயணிகள் திட்டுவார்கள், "டெய்லி இந்த எடத்துல ஒரே பேஜாரா போச்சுப்பா" என்று. ஆனால் கடிதம் கொடுத்த பெண்கள் அதே வண்டியில் மீன்கூடையோடு இருந்தால், திட்டுகிறவன் பாடு அவ்வளவுதான். "என் லெட்டர் ஏறிச்சா?" என்று ஒருத்தி கேட்டால், "ஏறிச்சும்மா, ஃபுட்போர்டுல தொங்கிகினு வருது" என்பார் இவர்.

எனக்கு ஒரு வேலை இருந்தது: வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்று தினமும் கணினியில் பதிய வேண்டும். ஏன் என்ற கட்டத்தில் மூன்றே விடைகள்தான் வைத்திருந்தார்கள். நெரிசல், பயணிகள், பழுது. நான்காவதாக எதையும் எழுத முடியாது. கல்லூரியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் ஆராய்ச்சி மாணவரிடம் கேட்டேன். "நமக்காகத்தான் சார் நிறுத்துறார். அதை எங்கே போடறது?" அவர் தலையைக் கூடத் தூக்கவில்லை. "அதெல்லாம் ஃபார்ம்ல இல்லங்க. நெரிசல்னு போடுங்க, எல்லாம் ஒண்ணுதான்." நானும் போட்டேன். தினமும் போட்டேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற ஊரில் நெரிசல் என்பது எந்த நாளும் பொய்யாகாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கை கூசவில்லை. அதை நினைத்தால்தான் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பேராசிரியருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒருநாள் அவரே வந்து எங்கள் அறையில் உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றது, அண்ணன் சக்கரத்தைத் தட்டினார், கடிதங்கள் ஏறின, நான் கையை ஆட்டினேன். அவர் எழுந்து வெளியே போய் அண்ணனின் தோளில் தட்டினார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் தம்பி" என்றார். அண்ணன் அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற இடங்களில் வைத்த பெட்டிகள் படுத்துவிட்டன. எங்கள் இடத்தில் மட்டும் பிரமாதமாக வேலை செய்கிறது என்று பேராசிரியர் ஊரெல்லாம் பேசினார். ஏன் வேலை செய்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் இருநூற்று இருபத்தொன்று என்று சொன்ன நாள் அது. மீன் விற்கும் அக்கா ஒருத்திக்குப் பத்து நாளுக்கு முன் பிள்ளை பிறந்திருந்தது. கணவன் மஸ்கட்டில். அந்த ஆளுக்குப் பிள்ளையின் முகத்தைக் காட்ட வேண்டும் என்று புகைப்படத்தை ஸ்கேன் செய்துகொண்டு வந்திருந்தாள். படம் என்றால் கனம். இரண்டு நாளாகப் பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. அவள் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கி அனுப்பாம எழுந்திருக்கமாட்டேன்" என்றாள். வண்டி வந்ததும் நான் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். "இன்னிக்குக் கொஞ்சம் கூட நிக்கணும் அண்ணே. பிள்ளை படம்." அவர், "புள்ளையா? அப்ப நின்னுதான் ஆவணும்" என்றார். நான்கு நிமிடத்துக்கு மேல் நின்றது வண்டி. படம் ஏறியது. அக்கா கை தட்டினாள், நான் ஜன்னலில் கையை ஆட்டினேன், அண்ணன் நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

அன்றைக்கு லாரி வேலைநிறுத்தம். ரோடு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. எதிர் டீக்கடையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் உள்ளே போய், பழக்க தோஷத்தில், ஏன் என்ற கட்டத்தில் நெரிசல் என்று பதிந்தேன்.

மறுநாள் வண்டியில் வேறு கண்டக்டர். அண்ணனுக்கு மெமோ கொடுத்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திட்டத்துக்காகத்தான் நிறுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்; அதற்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு கடிதம்தானே என்று நான் பேராசிரியருக்கு நீளமாக மின்னஞ்சல் எழுதினேன். புதிய கண்டக்டர் நிற்கவில்லை. என் கடிதம் பாதிப் பாதியாக அறுந்து விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் நானே ரயிலும் பஸ்ஸும் மாறிக் கல்லூரிக்குப் போனேன். பேராசிரியர் என்னை உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கவலைப்படாதம்மா, எழுதித் தரேன்" என்று சொல்லி, ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். அதை நான் பிரிக்கவில்லை. அவரை நம்பினேன். ரயிலில் அதைப் பைக்குள் வைத்துப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

விசாரணை டிப்போவின் மாடியில். அதிகாரி ஒருவர், அந்த இன்ஸ்பெக்டர், இரண்டு மூன்று அலுவலக ஆட்கள். ஓரமாக அண்ணன், காதில் பேனா இல்லாமல். உறையை நானே நீட்டினேன். அதிகாரி பிரித்து உரக்கப் படித்தார். எங்கள் திட்டம் ஓடும் பேருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. பேருந்தை நிறுத்த வேண்டிய தேவை அதற்கு இல்லை. நிறுத்தும்படி யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கணினி மையத்தின் பதிவுப்படி அன்று பேருந்து நின்றதற்குக் காரணம் போக்குவரத்து நெரிசல். அவ்வளவுதான் கடிதம். நின்றதால்தான் வேலை செய்தது என்று ஒப்புக்கொண்டால் அவருடைய ஆராய்ச்சி என்ன ஆகும்? அதற்காக ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட்டார். அதை என் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கவும் வைத்தார். பாவி.

"அன்னிக்கு லாரி ஸ்ட்ரைக் சார். ரோடு காலி" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் எழுந்தேன். "தினமும் நெரிசல்னு பதிஞ்சது நான்தான் சார். அது பொய். எங்களுக்காகத்தான் நிறுத்தினார்" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை மாசமா பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு எப்படிம்மா நம்பறது? சரி, ஜன்னல்லேர்ந்து தினம் கை காட்டறது நீங்கதானே?"

"ஆமா சார்."

"யாருக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் தொண்டையைக் கனைத்தார். அதிகாரியின் உதட்டிலும் சிரிப்பு வந்தது. "வயசு அப்படி. அதுக்குக் கவர்மென்ட் வண்டியா கெடச்சுது?" என்றார். என் முகம் பற்றி எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். படியிறங்கும்போது சிரிப்பு இன்னும் பெரிதாகக் கேட்டது.

டிப்போப் பட்டியலிலிருந்து அண்ணனின் பெயரை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்தொன்பது நாள்தான் பாக்கி இருந்தது. காரணம் என்னவென்று காகிதத்தில் என்ன எழுதினார்களோ தெரியாது. டிப்போவில் எல்லார் வாயிலும் இருந்தது ஒரே கதைதான். கம்ப்யூட்டர் டீச்சருக்காக வண்டியை நிறுத்தி வேலையை விட்டவன். சில மாதத்தில் திட்டமும் முடிந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் வேறு வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். அண்ணன் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வாசலில் நின்று லாரி நம்பர் எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

போன மாதம் பொறியியல் படிக்கும் என் மகள், "அம்மா, இது உங்க ஏரியா தானே?" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அதே பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரை. பழையதுதான், ஆனால் இன்னும் பாடத்தில் வைத்துப் படிக்கிறார்கள். ஒரு வரியை அவள் தமிழில் சொன்னாள்: இந்தப் பகுதியில் நெரிசலால் பேருந்துகள் இயல்பாகவே நீண்ட நேரம் நிற்பதால், தகவல் பரிமாற்றத்துக்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது. இயல்பாகவே நிற்கிறதாம்! கடைசியில் நன்றி சொன்ன பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மடிக்கணினி தப்பித்ததே பெரிய விஷயம். மறுநாளே அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வரிக்கு அடியில் கோடு போட்டு, விசாரித்துக்கொண்டு மணலி புதுநகரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தாள். யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறியது. உள்ளே கூப்பிடவில்லை. காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"இதுல இவர் பேரு எங்க கீது?"

"பேரு இல்லங்க. அவர் நிறுத்தினதைத்தான் டிராஃபிக்னு எழுதியிருக்காங்க. அவர் சொன்னது உண்மைன்னு இதை வெச்சே..."

"அது எனக்குத் தெரியும். இவரு பொய் சொல்லமாட்டாரு." காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "அன்னிக்கி அந்த ஆபீசரு கேட்டாராமே, யாருக்குக் கை காட்டினன்னு. நீ இன்னா சொன்ன?"

நான் காகிதத்தைப் பைக்குள் வைத்தேன்.

"ஒரு வார்த்தை. அண்ணன் மாதிரின்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா கேடு உனக்கு? நீ பாட்டுக்கு எழுந்து போயிட்ட. போனதும் அதுதான் நெசம்னு ஆயிடுச்சு. வேல போனதுகூட போவட்டும். எங்க அம்மா வூட்ல இன்னிக்கும் டீச்சர் கதைன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

உள்ளேயிருந்து அந்தப் பழைய பெரிய குரல் வந்தது. "வுடுமே. அது அப்ப சின்னப் பொண்ணு, இன்னா பண்ணும்?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் இதைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "எழுது. ஆனா பேரு போடாத. போட்டா மறுபடி எவனாவது கெளப்புவான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பெயர் போடவில்லை. பேராசிரியர் மேல் எனக்கு இருக்கிற கோபம் சாகும்வரை போகாது. அந்த அதிகாரி மேலும்தான். ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், படியிறங்கிப் போன அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத்தான் கழுத்தைப் பிடித்துத் திருப்பி அந்த அறைக்குள் தள்ள வேண்டும் போல இருக்கிறது. யாருக்கு என்று கேட்டீர்கள் அல்லவா, கேட்டுக்கொள்ளுங்கள். மஸ்கட்டில் இருந்த ஒருவன் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காக அவர் வண்டியை நிறுத்தினார். ஏறிவிட்டது என்று சொல்லத்தான் நான் கையை ஆட்டினேன். அவர் எனக்கு அண்ணன், சார்.